புனேயில் ஒரு விளம்பரப் படப்பிடிப்பு

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பது நம் நாட்டுப் பழமொழி. இக்காலத்தில் விளம்பரமும் வந்து தன் பங்கைக் கேட்கிறது. துணி நெய்பவர் ஒருவர், விற்பவர் மற்றொருவர், அதன் அழகைப் படம்பிடித்துக் காட்டுபவர் இன்னொருவர். இவர்களுக்கிடையே நின்று, நம் மொழியில் நான்கு சொற்களை எழுதித் தருபவரும் ஒருவர் உண்டு. அந்த நான்கு சொற்களின் பொறுப்பு எத்தகையது என்பதைப் பற்றியே இன்று சில கருத்துகளைக் கூற விரும்புகிறேன்.

புனே நகரம் படக்கலைக்குப் பழைய உறைவிடம். கோலாப்பூரில் 1929-ஆம் ஆண்டில் தோன்றிய பிரபாத் படக் கம்பெனி 1933-இல் இந்நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கு உருவான 'சந்த் துக்காராம்' என்னும் மராத்திப் படம் வெனிஸ் நகரப் பட விழாவில் பாராட்டுப் பெற்றது. அதே வளாகத்தில்தான் 1960-இல் மத்திய அரசின் திரைப்படக் கல்லூரி நிறுவப்பட்டது. இயற்கை ஒளியில் படமெடுப்பதில் பெயர் பெற்ற பாலு மகேந்திரா ஒளிப்பதிவு பயின்ற இடம் அது. என் நண்பர் ஒருவரும் அங்கே பயின்றவர். இவ்வூரிலேயே தங்கி, விளம்பரப் படங்கள் எடுத்துப் பிழைத்து வருகிறார்.

சில ஆண்டுகளுக்கு முன், நவம்பர் மாதத்தில், ஒரு துணி நிறுவனத்தின் பொங்கல் விளம்பரத்தை அவர் எடுக்க நேர்ந்தது. வெளிமாநிலங்களில் வாழும் தமிழர்களுக்கென்று அமைந்த விளம்பரம் அது. ஆங்கிலத்தில் இருந்த வாசகங்களைத் தமிழாக்கித் தருமாறு என்னிடம் கேட்டார். நட்பின் பொருட்டு, ஊதியமின்றி, ஒரு விடுமுறை நாளில் உடன் சென்றேன்.

சனிவார் வாடாவின் வெளி மைதானமே படப்பிடிப்புக் களம். முதலாம் பாஜிராவ் பேஷ்வா காலத்தில் 1732-இல் கட்டி முடிக்கப்பட்ட அவ்வரண்மனையின் பெரும்பகுதி 1828-இல் தீக்கிரையாயிற்று. மதிலும் வாயில்களும் எஞ்சின. யானைகள் மோதித் திறவாதபடி கூர்முனைகள் பதித்த பெருவாயிலுக்குத் 'தில்லி தர்வாஜா' என்று பெயர். அது வடக்கு நோக்கியது. அவ்விடத்தை ஏன் தேர்ந்தீர் என்று கேட்டேன். "கார்த்திகையில் கதிரவன் தெற்கே சாய்ந்து விடுகிறான். ஆகவே வடக்கு மதிலின் முன்னே நாள் முழுதும் சீரான நிழல் இருக்கும். நேர் வெயிலில் பட்டின் நிறம் வெளுத்துத் தோன்றும், நிழலொளியில்தான் அது உள்ளபடி தெரியும்" என்றார். உள்ளபடி தெரிய வேண்டும் என்ற அச்சொல் அன்று மாலைக்குள் வேறு பொருளும் பெற்றது.

முதல் தடை காலையிலேயே வந்தது. அந்நினைவுச் சின்னம் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. உள்ளே வாணிகப் படம் எடுக்கத் தனி உரிமம் தேவை. எங்கள் அனுமதியோ வெளி மைதானத்திற்கு மட்டுமே. கேமராவின் முக்காலியைக் கண்ட காவலர் தாளைக் கேட்டு வாங்கி, வரிவரியாகப் படித்து, எல்லையைக் கையால் காட்டிய பின்னரே விடுத்தார். அவர் செய்தது முறையே.

அடுத்து, ஒன்பது கஜச் சேலையை மடிசாராகக் கட்ட வேண்டியிருந்தது. உடுத்திவிட வந்த மராத்தியப் பெண்மணிக்கு நவ்வாரிக் கட்டுத்தான் தெரியும். இரண்டும் ஒன்பது கஜந்தான். இரண்டிலும் துணி கால்களுக்கிடையே சென்று பின்னே செருகப்படும். ஆயினும் கொசுவம் வைக்கும் முறையும் முந்தானை விழும் வகையும் வேறு. நண்பரின் தாயார் எழுபது வயது மூதாட்டி. கும்பகோணத்தை அடுத்த திருபுவனத்தில், தறிகளின் ஓசையிடையே வளர்ந்தவர். அவரை வரவழைத்தோம். நடிக்க வந்த கல்லூரி மாணவிக்கு அவர் அன்போடு உடுத்திவிட்டார்.

ஐந்தாவது சேலையை எடுத்தபோது அவர் கை நின்றது. முந்தானையின் உட்புறத்தைத் திருப்பி, வெட்டுண்டு நின்ற ஊடுநூல்களை விரலால் தடவி, "தம்பி, இது கையால் நெய்ததில்லை" என்றார். ஆறாவதும் அவ்வாறே. கைத்தறிக்கென 2006-இல் அரசு ஏற்படுத்திய முத்திரை அவ்விரண்டிலும் இல்லை. உடன் வந்த பற்றுச்சீட்டைப் பார்த்தோம். 'விசைத்தறி' என்றே எழுதியிருந்தது. என் கையில் இருந்த வாசகமோ, ஆறு சேலைகளையும் சேர்த்துக் 'கைத்தறி' என்றது.

நிறுவனத்தின் பிரதிநிதி நகைத்தார். "தமிழ்நாட்டை விட்டு இவ்வளவு தொலைவில் இருப்பவர்களுக்கு இந்த நுணுக்கமெல்லாம் எங்கே தெரியப்போகிறது?" என்றார். நேயர்களே, அவர் குறிப்பிட்டது உங்களையும் என்னையுந்தான்!

நண்பருக்குக் கூலியில் பாதி இன்னும் வர வேண்டும். அன்றாடக் கூலிக்கு வந்த எண்மருக்கு மாலையில் பணம் தர வேண்டும். எனினும் அவர் கேமராவை மூடினார். "சொல்லை எடுங்கள், அல்லது இரண்டு சேலைகளை எடுங்கள்" என்றார். பிரதிநிதி தொலைபேசியில் ஒன்றரை மணி நேரம் வாதாடினார். அதற்குள் மதிலின் நிழல் கருத்தது. எழுந்த காற்றில் ஒளியைத் திருப்பும் வெண்பலகை ஒன்று சாய்ந்தது. முடிவில் இரு சேலைகளும் பெட்டிக்குள் திரும்பின. எஞ்சியிருந்த நான்காவது சேலையை, மேற்கு வானின் கடைசி ஒளியில், இருபது நிமிடங்களில் எடுத்து முடித்தார். விளம்பரம் பொங்கலுக்கு வெளிவந்தது. மீதிப் பணம் இரண்டு மாதம் கழித்து வந்தது. அந்நிறுவனம் நண்பரை மீண்டும் அழைக்கவில்லை.

ஒரு சொல்லுக்காக இத்தனை பிடிவாதமா என்று கேட்கலாம். விசைத்தறித் துணி இழிந்ததன்று. அதிலும் உழைப்பு உண்டு, விலையும் குறைவு. ஆனால் கைத்தறிக்காரர் பல நாள் அமர்ந்து நெய்ததன் பெயரை அதற்குச் சூட்டினால், அவருடைய கூலியைப் பறித்ததாகும். இதனைக் கருதியே சிலவகைச் சேலைகளைக் கைத்தறிக்கென ஒதுக்கி 1985-இல் சட்டம் இயற்றப்பட்டது. பொய் விளம்பரம் செய்வோர்க்குப் பத்து லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்க 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடமளிக்கிறது.

துணி ஓர் அறமாகக் கருதப்பட்டது இந்நகருக்குப் புதிதன்று. 1905 ஆகஸ்டு 7-ஆம் நாள் கல்கத்தாவில் சுதேசி இயக்கம் அறிவிக்கப்பட்டது; அவ்வாண்டு அக்டோபரிலேயே புனேயில் அயல்நாட்டுத் துணிகளைத் தீயிலிட்டனர். திலகரும் அதில் கலந்துகொண்டார். அந்த ஆகஸ்டு நாளே 2015 முதல் தேசியக் கைத்தறி நாளாகக் கொண்டாடப்பட்டு வருகிறது.

பண்டிகைக் காலத்தில் ஊரின் நினைவு மேலிடும்போது, தமிழ்ச் சொல் ஒன்றைக் கண்டதும் நாம் மனம் நெகிழ்ந்து பணப்பையைத் திறந்து விடுகிறோம். வணிகர்களுக்கு இது தெரியும். எனவே, அடுத்த முறை சேலை வாங்கும்போது முந்தானையின் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள், முத்திரையைத் தேடுங்கள், பற்றுச்சீட்டைப் படியுங்கள். தொலைவில் இருப்பவர்களுக்கு நுணுக்கம் தெரியாது என்று இனி எவரும் எண்ணாதிருக்கட்டும்.