வண்டி விளக்கும் எதிர்வருவோர் கண்ணும்



மோட்டார் வண்டி வைத்திருப்போர் அதற்குச் செய்விக்கும் மாற்றங்களுள் மிக எளிதானது விளக்கின் மின்குமிழை மாற்றுவதேயாகும். இயந்திரத்தைத் தொட வேண்டுவதில்லை. கராஜில் நாட்கணக்காக வண்டியை விட்டுவைக்க வேண்டுவதுமில்லை. உதிரிப்பாகக் கடைக்குச் சென்று, இதனிலும் கூடிய வெளிச்சம் தரும் குமிழ் உண்டா என்று கேட்டால் போதும். கடைக்காரர் வண்ணப் பெட்டிகள் நாலைந்தை எடுத்து மேசைமேற் பரப்பிவிடுவார். அப்பெட்டிகளில் அச்சிடப்பட்ட இலக்கங்கள் ஒன்றையொன்று விஞ்சி நிற்கும். சிறிது நேரத்திற் பழையது கழன்று புதியது ஏறிவிடும். அன்றிரவு வீதி பகல்போலத் தோன்றும். சாரதியின் உள்ளமும் நிறைந்துவிடும். அந்த நிறைவு எத்துணை நியாயமானது என்பதையே இன்று ஆராய விரும்புகிறேன்.

நான் கலைப் பட்டதாரி. மின்னியல் என் துறையன்று. எனினும், பாடசாலையொன்றை நடத்துபவனுக்கு இவ்விடயத்தில் அக்கறை பிறப்பதற்குக் காரணம் உண்டு. மாலை வகுப்பு முடிந்து, இரவு ஏழு எட்டு மணிக்குச் சைக்கிளில் வீடு திரும்பும் பிள்ளைகள் எமது ஊர்ப்புறங்களில் அநேகர். அவர்களுடைய சைக்கிளில் விளக்கு இராது. பின்புறத்துச் சிவப்புக் கண்ணாடிதானும் உடையாமல் இருந்தாற் பெரிது. எதிரே வரும் வண்டியின் ஒளி முகத்தில் அடித்ததும் அவர்கள் செய்வது யாது? கண்ணைச் சுருக்கிக்கொண்டு வீதியோரப் புழுதிக்குள் இறங்குவர். அங்கே மதகு இருக்கிறதோ, கல் இருக்கிறதோ, மாடு படுத்திருக்கிறதோ அவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்குப் பின்னால் வரும் சாரதிக்கோ, அதே ஒளியினாற் கண் கூசிவிட்ட காரணத்தால், அவர்களே தெரியமாட்டார்கள். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீற்றர் ஓடுகிறது. கூசிய கண் தெளிய மூன்று விநாடி பிடிக்குமாயின், அதற்குள் 50 மீற்றர் குருட்டோட்டம் ஓடியாயிற்று. வயது செல்லச் செல்லத் தெளிவு பின்னும் தாமதமாகும் என்பதை ஐம்பதைக் கடந்த நேயர்கள் தம் அனுபவத்தாலேயே அறிவர்.

முகப்பு விளக்கு என்பது குமிழ் மாத்திரம் அன்று. குமிழும், அதன் பின்னே ஒளியைத் தெறிக்கும் கிண்ணமும், முன்னே மூடியிருக்கும் கண்ணாடியும் ஆகிய மூன்றும் சேர்ந்த ஒரு கருவி அது. குமிழினுள்ளே ஒளிரும் இழை எந்த இடத்தில், எவ்வளவு நீளத்தில் இருக்கும் என்பதை முன்னரே நிச்சயித்துக்கொண்டு, அதற்கு ஏற்பவே கிண்ணத்தின் வளைவை அமைக்கின்றனர். இழை ஒரு மில்லிமீற்றர் விலகினாலும் வீதியில் விழும் ஒளியின் உருவம் மாறிவிடும். 1971ஆம் ஆண்டளவில் வழக்குக்கு வந்து இன்றும் பல வண்டிகளில் உள்ள எச்-4 என்னும் ஹலோஜன் குமிழை எடுத்துக்கொள்வோம். அதில் இரண்டு இழைகள் உண்டு. ஒன்று தூர ஒளிக்கு உரியது. மற்றது சாரதிகள் ‘டிம்’ என்று கூறும் தாழ்ந்த ஒளிக்கு உரியது. தாழ்ந்த ஒளிக்கான இழையின் கீழே மிகச் சிறிய உலோகத் தட்டொன்று தொட்டில்போலப் பிடிக்கப்பட்டிருக்கிறது. ஒளி கிண்ணத்தின் கீழ்ப்பாதியிற் படாதவாறு அது தடுத்துவிடுகிறது. மேற்பாதியிற் பட்ட ஒளியோ தெறித்து வீதியை நோக்கித் தாழ்கிறது. இதனாலேயே சுவரில் ஒளியைப் பாய்ச்சும்போது, கோல் வைத்துக் கோடு கிழித்தாற்போல, மேலே இருளும் கீழே ஒளியுமாகப் பிரிந்து தெரிகிறது. அன்றியும், அத்தட்டின் ஒரு பக்கம் 15 பாகை சரித்து அமைக்கப்பட்டிருப்பதால், எம்மைப் போன்று இடப்புறமாக வண்டி செலுத்தும் நாடுகளுக்கான விளக்கில் அவ்வொளிக்கோடு இடப்பக்கத்தில் மட்டும் மேலேறும். நடந்து செல்வோரும் சைக்கிளிற் செல்வோரும் இருக்கும் பக்கம் அதுவல்லவா? அவர்களைத் தூரத்திற் காட்டவும், வலப்பக்கத்தில் எதிர்வருவோரின் கண்ணைக் காக்கவும் ஒரு சிறு தகடு செய்யும் வேலை இது.

இனி, இத்தகைய விளக்கினுள் எல்.ஈ.டி. குமிழைச் செருகினால் நிகழ்வது யாது? இழை தன்னைச் சுற்றி எல்லாத் திசைகளிலும் ஒளிவிடும். எல்.ஈ.டி. குமிழிலோ தட்டையான இரு பக்கங்களில் ஒளிரும் சில்லுகள் பதிக்கப்பட்டுள்ளன. பருமனும் வேறு; ஒளி புறப்படும் இடமும் வேறு. கிண்ணம் மட்டும் பழையது.

எமது பாடசாலைக்குப் பிள்ளைகளை ஏற்றிவரும் வான் சாரதி ஒருவர் அண்மையில் இத்தகைய குமிழ் இரண்டை வாங்கிப் பூட்டி, அதன் பெருமையை எல்லோருக்கும் கூறிவந்தார். எமது பௌதிகவியல் ஆசிரியர் அவரிடம் ஒரு யோசனை சொன்னார். ஒரு விளக்கிற் புதிய குமிழும் மற்றதிற் பழைய ஹலோஜன் குமிழுமாக வைத்து, இருட்டிய பின் மண்டபச் சுவருக்கு நேரே பத்து மீற்றர் தூரத்தில் வானை நிறுத்தினோம். ஒன்றை மறைத்து மற்றதைப் பார்த்தோம். பழைய குமிழின் ஒளி மஞ்சள் கலந்து மங்கலாகவே இருந்தது. எனினும், கோடு நேராக நின்று இடப்பக்கத்தில் ஒழுங்காக மேலேறியது. புதியதன் ஒளி வெண்மையிற் கண்ணைப் பறித்தது. ஆனால் கோடு இல்லை. ஒளி சிதறிச் சுவரின் மேலே யன்னல் உயரம்வரை பரவியிருந்தது. மேலேற வேண்டிய இடப்பக்கமோ மங்கிக் கிடந்தது. வானுக்குச் சமீபத்தில் நிலத்தின் மீது மாத்திரம் பால் கொட்டினாற்போல வெளிச்சம். சாரதி சற்று நேரம் பேசாது நின்றார். பின்பு, “எதிரே வருகிறவர்கள் ஏன் எனக்கு லைற் அடித்துக் காட்டினார்கள் என்று இப்போதுதான் விளங்குகிறது, ஐயா” என்றார்.

சமீபத்து வெளிச்சந்தான் நம்மை ஏமாற்றுவது. வண்டியின் முன்னே பத்துப் பதினைந்து மீற்றர் பளிச்சென்று இருந்தால், நன்றாகத் தெரிகிறது என்று மனம் திருப்தியடைகிறது. ஆனால் அவ்வெளிச்சத்துக்குக் கண்ணின் மணி சுருங்கிவிடுவதால், தூரத்து இருளில் நிற்பவன் முன்னிலும் குறைவாகவே தெரிகிறான். விளக்கைப் பிடித்துக்கொண்டு கிணற்றில் விழுந்த கதை என்பது இதுதான்.

பெட்டியிலுள்ள இலக்கங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. எச்-7 என்னும் 55 வாற்று ஹலோஜன் குமிழின் ஒளி ஏறக்குறைய 1,500 லூமென். இருபதாயிரம் லூமென் என்று ஒரு பெட்டி கூறுமாயின் அதனை விளம்பரம் என்றே கொள்ளுக. 6,000 கெல்வின் என்பது ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவேயன்றி அதன் வலிமையைக் குறிப்பதன்று. நீலம் பூசிய ஹலோஜன் குமிழ்களில் அப்பூச்சு உண்மையில் ஒளியின் ஒரு பகுதியைத் தடுத்தே வெண்மையைத் தருகிறது. எல்.ஈ.டி. குமிழ் எல்லாமே தீது என்று கூறவும் நான் வரவில்லை. அதற்கெனவே அமைக்கப்பட்ட விளக்கில் அது மிகச் சிறந்தது. ஜேர்மனியில் 2020ஆம் ஆண்டில், மாற்றிப் பூட்டும் எல்.ஈ.டி. குமிழ் சிலவற்றுக்கு அனுமதி வழங்கப்பட்டது. ஆயினும் இன்ன குமிழ், இன்ன வண்டியின் இன்ன விளக்கில் என்று பரிசோதித்த பின்னரே வழங்கினர்.

சிலர் 55 வாற்றுக்குப் பதிலாக 100 வாற்றுக் குமிழைப் பூட்டுவர். 12 வோல்ற்றில் முன்னது ஏறக்குறைய 4.6 அம்பியர் இழுக்கும், பின்னது 8.3 அம்பியர். மின்னோட்டம் இருமடங்கு ஆகவில்லையே என்று எண்ணலாம். ஆனால் வயரிற் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால், அது மும்மடங்கைத் தாண்டிவிடுகிறது. குமிழ்தாங்கி கருகுவதும், ஆளி இளகுவதும், கிண்ணத்தின் வெள்ளிப் பூச்சு பொசுங்குவதும் இதனாலேயே.

இனி மலைநாட்டுப் பக்கம் செல்வோம். கம்பளையிலிருந்து றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறுவோரும், ஹற்றனிலிருந்து நானுஓயா வழியாகச் செல்வோரும் பனிமூட்டத்தை நன்கு அறிவர். அங்கே தூர ஒளியைப் போட்டால் முன்னே வெள்ளைச் சுவர் எழுந்து நிற்கும். பனிமூட்டம் என்பது மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகளே. ஒவ்வொரு துளியும் ஒளியை நம் கண்ணுக்கே திருப்பி அனுப்புகிறது. ஒளி கூடினால் சுவரும் தடிக்கும். பனிமூட்ட விளக்கை நிலத்துக்குச் சமீபமாகத் தாழ்த்திப் பூட்டியிருப்பதும், அதன் ஒளி அகலமாய்த் தட்டையாய் மேலே எழாது பரவுவதும் இக்காரணம் பற்றியே. அது தூரத்தைக் காட்டுவதற்கு அன்று. வீதியோரக் கற்களையும் வெள்ளைக் கோட்டையும் காட்டி, மெல்ல ஊர்ந்து செல்ல உதவுவதற்கே. ஆகவே அதில் வலிய குமிழைப் பூட்டித் தூரம் பார்க்க முயல்வது அக்கருவியின் நோக்கத்தையே அறியாத செயலாகும். கோடு சிதறும் குமிழ் முகப்பு விளக்கில் எதிர்வருபவரை வருத்தும். பனிமூட்ட விளக்கிலோ செலுத்துபவரையே வருத்தும்.

மஞ்சள் ஒளி பனியைத் துளைக்கும் என்று பலர் கூறக் கேட்டிருப்பீர்கள். பனித்துளி ஒளியலையிலும் பன்மடங்கு பெரியதாதலின், எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே விதமாகவே சிதறடிக்கும். மஞ்சளில் நீலம் நீங்கியிருப்பதாற் கண்ணுக்குக் கூச்சம் குறைவு என்று கூறலாம்; அவ்வளவுதான். பிரான்சு தேசத்தார் 1930களின் பிற்பகுதி தொடங்கி 1993 வரை முகப்பு விளக்குக்கே மஞ்சள் நிறத்தைச் சட்டமாக்கி வைத்திருந்தனர் என்பது சுவையான செய்தி.

அப்படியாயின், மங்கிய விளக்கோடு காலங்கழிப்பதா என்று கேட்பீர்கள். முதலில் கண்ணாடியைப் பாருங்கள். அது இப்போது கண்ணாடியன்று, பிளாஸ்டிக். வெயிலிற் பழுத்து மங்கிய மூடியைத் தேய்த்துத் துலக்கினாலே புதுக் குமிழ் பூட்டிய பயன் சில வேளைகளிற் கிட்டும். அடுத்து, குமிழின் முனைக்கு வந்து சேரும் மின்னழுத்தத்தை அளப்பிக்கலாம். துருப்பிடித்த இணைப்புகளால் அது பத்து வீதம் குறைந்தால், ஒளி ஏறக்குறைய முப்பது வீதம் குறைந்துவிடும். பழைய வண்டிகளில் தடித்த வயரும் ரிலேயும் இட்டு இதனைச் சீராக்கலாம். அதன் பின்னும் போதாதெனின், அதே வாற்றில் ஒளி கூட்டிச் செய்யப்பட்ட தரமான ஹலோஜன் குமிழ்கள் உண்டு. அவற்றின் ஆயுள் சற்றுக் குறைவு. ஆனாற் கோடு கெடாது. பூட்டும்போது கண்ணாடியில் விரல் படலாகாது. விரலின் எண்ணெய்ப் பசை கடும் வெப்பத்தில் அதனைப் பழுதாக்கும்.

குமிழ் மாற்றியதும் சுவர்ப் பரீட்சையை மறவாதீர்கள். சமதரையிற் பத்து மீற்றர் தூரத்தில், ஒளிக்கோடு விளக்கின் நடு உயரத்திலும் பத்துச் சென்ரிமீற்றர் அளவு தாழ்ந்திருத்தல் வேண்டும். பல வண்டிகளிற் சாரதியின் கையருகே, பூச்சியம் தொடங்கி இலக்கமிட்ட சிறு சில்லொன்று உண்டு. வண்டி வாங்கிப் பல ஆண்டுகளாகியும் அதனைத் தொடாதவர் பலர். நல்லூருக்கோ கதிர்காமத்துக்கோ குடும்பத்தோடு புறப்படும்போது, பின்னே பொதிகளின் பாரத்தால் வண்டியின் முகம் நிமிர்ந்து, அளவாக வைத்த ஒளியும் எதிர்வருவோர் முகத்துக்கு ஏறிவிடும். அப்போது அச்சில்லை ஒன்றோ இரண்டோ இலக்கம் கூட்டினால் ஒளி தாழும். வீடு திரும்பிப் பொதிகளை இறக்கியதும் மீண்டும் பூச்சியத்துக்குத் திருப்பிவிடுங்கள்.