அறிவதும் செய்வதும்



'உப்பைக் குறைப்பீர்' என்னும் சுகாதாரப் பிரசுரத்தைப் பகல் முழுதும் தமிழாக்கிவிட்டு, மாலையில் வீடு திரும்பியதும் ஊரிலிருந்து வந்த மாவடு ஜாடியைத் திறந்தவர் நாமே. இரத்த அழுத்தம் மிகுந்துள்ளதென்று வைத்தியர் எச்சரித்து ஆறு திங்கள் ஆகியிருந்தன. ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என உலக சுகாதார நிறுவனம் கூறுவதை நாம் அறியாதவரல்லோம். அறிந்தும் ஏன் செய்யவில்லை?

மனோதத்துவ அறிஞர்கள் விடை கூறுகின்றனர். நோய் என்றோ வரும். சுவை இன்றே கிட்டும். தொலைவிலுள்ள பெருந்துன்பத்தைவிட அருகிலுள்ள சிறு இன்பமே மனத்துக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. அன்றியும், அன்றாட உணவில் நாம் ஆராய்ந்து தீர்மானிப்பது அரிது. கை பழகிய வழியே செல்கிறது.

இம்முடிச்சை அவிழ்க்க முயன்றது பின்லாந்து நாட்டின் வட கரேலியா. அங்கே ஆடவர் பலர் நடுவயதிலேயே இதயநோயால் மாண்டனர். மக்களின் வேண்டுகோளை ஏற்று 1972-இல் பெக்கா புஸ்கா என்னும் மருத்துவரின் தலைமையில் ஒரு திட்டம் தொடங்கிற்று. உபதேசத்தோடு அவர்கள் நிற்கவில்லை. மாதர் சங்கத்தினர் விருந்து வைத்துப் புதிய சமையலைச் சுவைக்கச் செய்தனர். உணவு தயாரிப்போர் கொழுப்பையும் உப்பையும் குறைத்தனர். வெண்ணெய் இருந்த இடத்தில் தாவர எண்ணெய் வந்தது. புகைபிடித்தலும் குறைந்தது, சிகிச்சையும் வளர்ந்தது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளில், உழைக்கும் வயதினரான ஆடவரிடையே இதயநோய் மரண விகிதம் ஐந்தில் நான்கு பங்கு குறைந்தது.

மனத்தோடு மல்லாடுவதைவிட, மனம் முடிவு செய்யும் இடத்தை மாற்றுவது எளிது என்பதே இதன் பாடம். வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு மாவடு வெறும் உப்பன்று. அது ஊரின் மணம். ஆகவே 'விட்டுவிடு' என்றால் மனம் கேளாது. நாம் அதை விடவில்லை. ஜாடி கைக்கெட்டாத மேலடுக்குக்குச் சென்றது. அதன் இடத்தில் நறுக்கிய வெள்ளரி அமர்ந்தது. 'மோர்சாதம் பிசைந்தால் வெள்ளரி. ஞாயிறன்று மட்டும் மாவடு' என்று முன்கூட்டியே வகுத்துக்கொண்டோம். இவ்வாறு வேளையும் செயலும் குறித்து வைத்த தீர்மானம், 'குறைக்க வேண்டும்' என்னும் பொதுவான எண்ணத்தைவிட நிலைக்கும் என ஆய்வாளர் கண்டுள்ளனர்.

முன்பெல்லாம் ஒரு திங்களில் தீர்ந்துவிடும் ஜாடியில் இப்போது பாதிக்கு மேல் எஞ்சியிருக்கிறது. மருந்தையும் வைத்தியர் சொற்படி உண்டு வருகிறோம். உங்கள் இல்லத்தில் இன்றிரவு இடம் மாற வேண்டிய ஜாடி எது? எண்ணிப் பாருங்கள்.