தனி மேசையில் ஓர் ஆஸ்கார்

நாவல் படமானால், "கதையைக் கெடுத்துவிட்டார்கள்" என்று குறை சொல்வது வழக்கம். 'கான் வித் த விண்ட்' படத்தின் சிக்கலே வேறு. மார்கரெட் மிட்செல் 1936-இல் வெளியிட்ட வரலாற்று நாவலின் பார்வையை, 1939-இல் வந்த படம் பெரும்பாலும் அப்படியே ஏற்றுக்கொண்டது.

அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில், ஜார்ஜியா மாநிலத்துப் பருத்தித் தோட்ட முதலாளியின் மகள் ஸ்கார்லெட்டின் கதை இது. டார்ஜிலிங்கில் பிறந்த விவியன் லீ அந்த வேடத்தில் வாழ்ந்தே காட்டினார். அட்லாண்டா எரியும் காட்சிக்காக, ஸ்டூடியோவில் கிடந்த பழைய அரங்குகளை நிஜமாகவே கொளுத்தினார்கள். ஏறக்குறைய நான்கு மணி நேரப் படம். ஆனாலும் அலுப்புத் தட்டாது.

சரி, அந்தப் பருத்தியைப் பறித்த அடிமைகள்? படத்தில் அவர்கள் விசுவாசமானவர்கள். விடுதலை வந்தும் எஜமானியை விட்டுப் போக மனமில்லாதவர்கள். தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக், நாவலில் இருந்த கூ கிளக்ஸ் கிளான் பெயரையும், கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் சொல்லையும் நீக்கினார். நல்லதுதான். ஆனால் சவுக்கடியும் ஏலச் சந்தையும் திரைக்கு வரவே இல்லை.

மேமி என்ற தாதியாக நடித்தவர் ஹாட்டி மெக்டேனியல். அவருடைய பெற்றோர் அடிமைகளாக இருந்தவர்கள். 1939 டிசம்பர் 15-இல் அட்லாண்டாவில் நடந்த முதல் காட்சிக்கு அவர் போக முடியவில்லை. இனப் பிரிவினைச் சட்டம் குறுக்கே நின்றது. 1940 பிப்ரவரி 29-இல் சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கார் அவருக்குக் கிடைத்தது. கறுப்பினத்தவர் ஒருவர் பெற்ற முதல் ஆஸ்கார் அது. அன்றிரவும் சக நடிகர்களோடு உட்கார அவருக்கு இடமில்லை. சுவரோரம் தனி மேசை போட்டிருந்தார்கள்! பிறகும் வேலைக்காரி வேடங்களே தேடி வந்தன. அவற்றை ஏற்றதற்காகக் கறுப்பினத் தலைவர்கள் சிலர் அவரையே கண்டித்தார்கள். வேறு வேடம் கொடுக்காதவர்களை அல்லவா முதலில் கேட்டிருக்க வேண்டும்?

2020 ஜூன் மாதம் ஓர் இணையத் திரைச்சேவை இப்படத்தை விலக்கி, சில நாள்களிலேயே ஆய்வாளர் ஒருவரின் விளக்கவுரையுடன் மீண்டும் வெளியிட்டது. அதுவே சரியான வழி. படத்தைப் புதைத்தால் ஹாட்டியின் நடிப்பும் சேர்ந்து புதையும்.

1952-இல் மறைந்த ஹாட்டி, தம் விருதை ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக்கு விட்டுச் சென்றார். அது எப்படியோ காணாமல் போயிற்று. 2023 அக்டோபரில்தான் அதற்கு மாற்று விருது அங்கே போய்ச் சேர்ந்தது.