துவிச்சக்கரவண்டியில் ஒரு மலையேற்றம்

அலுவிகாரை என்ற பெயரைக் கேட்டவுடன் உங்களுட் பலருக்கு ஓலைச்சுவடிகளே நினைவுக்கு வரும். அதுவரை வாய்மொழியாக ஓதப்பட்டு வந்த திரிபிடகம், கி.மு. 1ஆம் நூற்றாண்டில் வலகம்பா மன்னன் காலத்திலே முதன்முதலாக எழுத்திற் பொறிக்கப்பட்டது இவ்வூர்க் கற்குகைகளிலேதான். ஆயினும் இன்று நான் பேச வந்தது சுவடிகளைப் பற்றியன்று. அவ்வூருக்குக் கிழக்கே எழும் மலைத்தொடரைப் பற்றியும், அதன்மேல் துவிச்சக்கரவண்டியில் ஏறுவதைப் பற்றியுமே பேச விரும்புகின்றேன்.

முட்டி மடக்கிய கைபோலத் தோன்றுவதால் ஆங்கிலேய அளவையாளர் அத்தொடருக்கு நக்கிள்ஸ் என்று பெயரிட்டனர். சிங்களத்தில் அது தும்பறை மலைத்தொடர். 1906 மீற்றர் உயரமுள்ள கொம்பனியா அதன் மிகவுயர்ந்த சிகரம். மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக இலுக்கும்புரைக்குச் செல்லும் தெரு இத்தொடரைக் கடக்கும் இடத்தை றிவஸ்டன் என்பர். மாத்தளையிலிருந்து அது ஏறத்தாழ 30 கிலோமீற்றர். அலுவிகாரையிலிருந்து புறப்படுவோர்க்கு இன்னும் 3 கிலோமீற்றர் கூடும்.

ஐம்பது வயதைக் கடந்த ஒரு பாடசாலை அதிபருக்கு இந்த வேலை எதற்கு என்று நீங்கள் கேட்கக்கூடும். எங்கள் உயர்தர வகுப்பு மாணவர் சிலர், அவர்களுள் மாணவியர் இருவர், றிவஸ்டனுக்குச் சைக்கிளிற் சென்றுவர அனுமதி கேட்டு என்முன் வந்து நின்றனர். வேண்டாம் என்று சொல்வது எளிது. நம் பாடசாலைகளில் அச்சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. சரி என்று சொல்வதாயின் பிறர் பெற்ற பிள்ளைகளுக்கு நான் பொறுப்பாளி. ஆகவே, ஆசிரியர் இருவருடன் நானே முதலிற் போய்வரத் தீர்மானித்தேன்.

மலையேற்றம் தெருவிலே தொடங்குவதன்று, மேசையிலே தொடங்குவது. நில அளவைத் திணைக்களத்தின் 50,000க்கு ஒன்று என்ற அளவுப்படத்தை விரித்தோம். அதில் 2 சென்ரிமீற்றர் நிலத்தில் ஒரு கிலோமீற்றர். தெருவின் வளைவுகள்மீது ஒரு நூலை வைத்து அளந்தால் தூரம் கிடைத்துவிடும். அளவுகோலை நேராக வைப்பவன் மலையிலே ஏமாறுவான். பின்னர் அந்நூல் வெட்டிச்செல்லும் சமவுயரக்கோடுகளை ஒவ்வொன்றாக எண்ணி, வரைபடத்தாளில் மலையின் வெட்டுமுகத்தை வரைந்தோம்.

மாத்தளை கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 360 மீற்றர். றிவஸ்டனில் ஒலிபரப்புக் கோபுரம் நிற்கும் சிகரம் ஏறத்தாழ 1400 மீற்றர். ஆக, 33 கிலோமீற்றரில் ஆயிரம் மீற்றருக்குச் சற்று மேற்பட்ட ஏற்றம். நூற்றுக்கு மூன்று என்ற சராசரிச் சாய்வு. இதனைக் கேட்ட மாணவன் ஒருவன், "இவ்வளவுதானா, சேர்?" என்றான். சராசரி என்பது மலைநாட்டில் நம்பத்தகாத நண்பன். இரத்தோட்டை வரையில் ஏற்றம் சொற்பமே. எஞ்சிய ஏற்றம் முழுவதையும் அதற்கப்பாலுள்ள தூரம் சுமக்கின்றது. அங்கே ஒரு வளைவில் மூச்சுவிட இடங்கொடுக்கும் தெரு, அடுத்த வளைவில் அதனை வட்டியோடு பறித்துக்கொள்ளும்.

இனி, வண்டியைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். நம் ஊர்களில் ஓடும் சாதாரணச் சைக்கிளின் முன்பற்சக்கரத்தில் 44 பற்களும் பின்பற்சக்கரத்தில் 18 பற்களும் உள்ளன என்று கொள்வோம். மிதியை ஒருமுறை முழுதாகச் சுற்றினால் வண்டி 5 மீற்றருக்கு மேல் முன்னேறும். சமநிலத்தில் இது நன்மை. நூற்றுக்கு எட்டு என்ற சாய்விலோ, அந்த ஒரு சுற்றில் உங்கள் உடலையும் வண்டியையும் 43 சென்ரிமீற்றர் மேலே தூக்கவேண்டியிருக்கும். மலைச்சைக்கிளிலே 32 பற்கள் முன்னும், மிகப்பெரிய பின்சக்கரத்தில் 50 பற்களும் இருக்குமாயின், அதே சுற்றுக்கு வண்டி ஒன்றரை மீற்றரே நகரும். தூக்கவேண்டியது 12 சென்ரிமீற்றர். செய்யும் வேலை குறைவதில்லை. அது சிறு தவணைகளாகப் பிரிக்கப்படுகின்றது. கடனாளிகள் இதனை விரைவில் விளங்கிக்கொள்வர்.

இவ்வகை வண்டி பிறந்த கதை சுவையானது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், தமல்பாயிஸ் மலையைச் சூழ்ந்த ஊர்களில் வாழ்ந்த இளைஞர் சிலர், 1970களில், பழைய கனத்த சைக்கிள்களைத் தேடியெடுத்து மண்பாதைகளில் இறக்கத்தில் ஓட்டி மகிழ்ந்தனர். 1976இல் அதற்கு ஒரு பந்தயமும் தொடங்கினர். அதன் பெயர் ரீபக். மிதியைப் பின்னோக்கி அழுத்தினால் பிடிக்கும் அக்காலப் பிறேக்கு, இறக்கத்தின் சூட்டில் தன் கிறீஸ் முழுவதையும் புகையாக்கிவிடும். ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பின்னரும் கிறீஸை மீண்டும் அடைக்கவேண்டியிருந்ததால் அப்பெயர் வந்தது.

அவர்களுக்கு முன்னரே, 1955இல், இங்கிலாந்தின் லெம்ஸ்டர் நகரில் றஃப் ஸ்டஃப் ஃபெலோஷிப் என்றொரு கழகம் தோன்றியது. அதன் அங்கத்தவர் சாதாரணச் சைக்கிள்களையே கொண்டு கரடுமுரடான மலைப்பாதைகளைக் கடந்தனர். ஓட்ட முடியாத இடத்தில் வண்டியைத் தோளிலே சுமந்தனர். சைக்கிளை மனிதன் சுமப்பது அவர்களுக்கு மானக்கேடாகத் தோன்றவில்லை. ஆயிரக்கணக்கான ரூபாய் கொடுத்து வண்டி வாங்கினால்தான் மலைக்குப் போகலாம் என்று எண்ணும் நம் இளைஞர் இதனை அறிதல் நன்று.

நாங்கள் புறப்பட்டது 2025ஆம் ஆண்டு மாசி மாதத்தில். காலத்தைத் தெரிந்ததற்குக் காரணம் உண்டு. தென்மேற்குப் பருவத்தில் றிவஸ்டன் இடைவெளியிற் புகும் காற்று மனிதனையே தள்ளும். வடகீழ்ப் பருவத்தில் மழையும் மூடுபனியும். இரண்டுக்கும் இடைப்பட்ட சில கிழமைகளே சைக்கிளுக்கு உரியவை. விடியற்காலை 5 மணிக்கு அலுவிகாரையை விட்டோம். ஆளுக்கு 2 போத்தல் தண்ணீர், தேங்காய் ரொட்டி, கட்டச் சம்பல், ஒட்டுப்போடும் சாமான்கள், காற்றடிக்கும் பம்பு, அட்டைக்கடிக்கு உப்பு. புறப்படும் முன்னரே ஒன்றைத் தீர்மானித்திருந்தோம்: எங்கே நின்றாலும் காலை 11 மணிக்குத் திரும்புவது.

அலுவிகாரையைக் கடக்கும் அப்பெருந்தெருவைப் பற்றி ஒரு சொல். 19ஆம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர், மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை, நாலந்தை வழியாக இவ்வழியே மாத்தளைக்கு நடந்து வந்தனர். பசியாலும் நோயாலும் வழியில் வீழ்ந்தோர் பலர். அவர்களுக்குத் திரும்பும் நேரம் என்று ஒன்று இருக்கவில்லை. இரத்தோட்டையைத் தாண்டித் தேயிலைச் சரிவுகளைப் பார்க்கும்போது அந்த எண்ணம் எழாமற் போகாது.

இரத்தோட்டைத் தேநீர்க் கடையிலே தோட்டத்துப் பெரியவர் ஒருவர் எங்கள் வண்டிகளை ஏற இறங்கப் பார்த்தார். "சேர், மேலே மூட்டம் பத்து மணிக்கெல்லாம் இறங்கிரும். போறது பெருசில்லை, வாறதுதான் பாத்து வரணும்" என்றார். "சரி ஐயா, நினைவில் வைக்கிறோம்" என்றேன். எங்கள் வரைபடத்தாளில் இல்லாத செய்தி அது.

அதன்பின் ஏற்றம். தேயிலை முடிந்து காடு தொடங்குகையில் வெயில் தணிந்தது. பேச்சும் நின்றது. மூவருள் இளையவர் முன்னே சென்றார். நான் மிகச்சிறிய கியரில், நடப்பவனைவிடச் சற்றே விரைவாக, ஏறிக்கொண்டிருந்தேன். கடுமையான இரண்டு வளைவுகளில் இறங்கி உருட்டினேன். பஸ் வரும் ஒலி கேட்டவுடன் ஓரம் ஒதுங்கினோம். 10 மணியளவில் இடைவெளியை அடைந்தபோது, மேற்கே மாத்தளைப் பள்ளத்தாக்கு வெயிலிற் கிடந்தது. கிழக்கே லக்கலைப் பக்கம் ஒன்றுமே தெரியவில்லை. பெரியவர் சொன்ன மூட்டம் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டது. காற்றினால் குட்டையாகிக் கூனிய மரங்கள் மாத்திரம் அதனூடே நின்றன. கோபுரத்தை நோக்கி வண்டிகளை விட்டுச் சிறிது தூரம் நடந்தோம். அப்பாலுள்ள பிட்டவல பத்தனைக்குச் செல்ல எங்களுள் ஒருவர் ஆசைப்பட்டார். கடிகாரம் இடந்தரவில்லை.

பத்தனையைப் பற்றி மாணவர்க்கு நான் கண்டிப்பாகச் சொன்னது ஒன்று: அங்கே சைக்கிள் தெருவைவிட்டு இறங்கலாகாது. ஸ்கொத்லாந்திலே, 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பொறுப்புடன் நடந்துகொள்ளும் எவரும் பெரும்பாலான நிலங்களில் சைக்கிள் ஓட்டிச்செல்லலாம். அதைக் காட்டி நம் வனத் திணைக்களத்தின் கட்டுப்பாடுகளைக் குறைசொல்வாருண்டு. நான் அவர்கள் பக்கமல்லேன். பாறையின்மேல் மெல்லிய மண், அதன்மேற் புல். ஈரத்தில் ஒரு சக்கரம் கீறிய கோட்டை அடுத்த பெருமழை வாய்க்காலாக்கும். மூக்கில் இலைபோன்ற கொம்புடைய ஓணான் உலகிலே இம்மலைத்தொடரில் மாத்திரம் வாழ்கின்றது. 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற மலை இது.

இறக்கமே பரீட்சை. 80 கிலோகிராம் எடையுள்ள ஆளும் வண்டியும் ஆயிரம் மீற்றர் இறங்கும்போது வெளிப்படும் சக்தி, 2 லீற்றருக்கு மேற்பட்ட பச்சைத்தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். அதில் ஒரு பகுதியைக் காற்று வாங்கிக்கொள்ளும். மற்றதெல்லாம் பிறேக்கின் தலையிலே விழும். இடைவிடாது அழுத்திப் பிடித்தால் பிறேக்குச் சூடேறி வலுவிழக்கும். அழுத்தி வேகம் தணித்து, விட்டு ஆறவைத்து, மீண்டும் அழுத்தவேண்டும். வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைக்கவேண்டும். மூட்டத்தில் நனைந்த தெருவில் நாங்கள் நான்கு இடங்களில் நின்று இறங்கினோம். ஓர் ஆசிரியரின் பிறேக்குக் கட்டை பாதிக்குமேல் தேய்ந்திருந்தது. இரத்தோட்டையில் புதியது மாட்டினோம். பிற்பகல் 2 மணிக்கு வீடு சேர்ந்தோம்.

மாணவரின் பயணம் இன்னும் நடைபெறவில்லை. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் மலைநாட்டின் பல இடங்களிலே மண் சரிந்து, உயிர்கள் பல மாண்டதை நேயர்கள் அறிவீர்கள். ஆகவே, தெருவின் நிலையை இரத்தோட்டையில் நேரிற் கேட்டறிந்து, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கையில் மஞ்சள் நிறம் இருந்தாலும் புறப்படுவதில்லை என்று முடிவுசெய்துள்ளோம். செம்மஞ்சளுக்கும் சிவப்புக்கும் காத்திருப்பது நம் வேலையன்று.

இதற்கிடையில் மாணவர் ஒவ்வொருவரும் மலையின் வெட்டுமுகத்தைத் தாமே வரைந்து தந்துள்ளனர். ஒரு மாணவி, என் படத்தில் இல்லாத ஒன்றைச் சேர்த்திருந்தாள்: நடுவழியில் வண்டி பழுதானால் பஸ்ஸுக்குக் காத்து நிற்கத்தக்க இடங்களைச் சிவப்பு மையினாற் குறித்திருந்தாள். அவற்றைப் பெற்றோர் கூட்டத்தில் சுவரிலே ஒட்டினோம். தந்தையர் சிலர் நெடுநேரம் பார்த்து நின்றனர். பத்துப் பேர் கையெழுத்திட்டனர், மூவர் யோசித்துச் சொல்வதாகச் சென்றனர். வரும் சனிக்கிழமை காலை, பாடசாலை முற்றத்தில், எல்லா வண்டிகளின் பிறேக்கையும் கழற்றிப் பார்க்கவிருக்கின்றோம்.