செப்புக் காசும் உழைப்பவன் கூலியும்

(வல்வெட்டித்துறையில் ஆற்றிய உரை)



நாணயம் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. கையில் புழங்கும் காசும் நாணயம். கொடுத்த வாக்கைக் காக்கும் நேர்மையும் நாணயம். இவ்விரண்டும் பிரிந்தால் நட்டப்படுபவன் உழைப்பாளியே.

யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகள் 'சேது' எனத் தமிழில் பொறித்த செப்புக் காசுகளை வெளியிட்டனர். காசு அடிப்பது அரசின் கடமை. அரசு அக்கடமையில் தவறினால், முதலாளி அதனைத் தன் கையில் எடுத்துக்கொள்வான். 18ஆம் நூற்றாண்டில் பிரித்தானியாவில் அதுவே நிகழ்ந்தது. தொழில்கள் பெருகின, கூலி கொடுக்கச் சில்லறை இல்லை. அரச நாணயசாலையோ 1775க்குப் பின் பல ஆண்டுகள் செப்புக் காசு அடிக்கவில்லை. கள்ளக் காசு மலிந்தது.

1787இல் வேல்ஸ் நாட்டு ஆங்கிள்சி தீவின் பாரிஸ் சுரங்கக் கம்பனி, தான் அகழ்ந்த செம்பிலே ஏறத்தாழ ஓர் அவுன்ஸ் எடையுள்ள பென்னிகளை அடித்தது. இலண்டன், லிவர்பூல், ஆங்கிள்சி ஆகிய இடங்களில் கேட்டவுடன் பணம் தரப்படும் என்ற உறுதி அவற்றின் விளிம்பிலே பொறிக்கப்பட்டது. எடையும் வாக்கும் சரியாயிருந்தமையால் மக்கள் அக்காசை ஏற்றனர். 1797இல் அரசே புதிய செப்புப் பென்னிகளை வெளியிட்டது. 1817இல் தனியார் காசுகளைச் சட்டம் தடுத்தது.

ஆனால் எல்லா முதலாளிகளும் அவ்வாறு நடக்கவில்லை. தம் கடையிலன்றி வேறெங்கும் செல்லாத வில்லைகளைக் கூலியாகக் கொடுத்தோரும் இருந்தனர். கூலியும் அவர்கள் கையில், அரிசி விலையும் அவர்கள் கையில் என்றால், தொழிலாளி எங்கே போவான்? கைத்தொழிலாளர் கூலி நாட்டு நாணயத்திலேயே கொடுக்கப்பட வேண்டுமென 1831இல் அங்கு சட்டம் பிறந்தது.

நம் இலங்கையும் இவ்வழக்கை அறியும். 19ஆம் நூற்றாண்டுக் கோப்பித் தொழிலிலே கம்பனிகளும் தோட்டங்களும் தம் பெயர் பொறித்த வில்லைகளை வழங்கின. கொழும்பு ஜோர்ஜ் ஸ்டூவர்ட் கம்பனியின் வில்லையில் 1843 என்ற ஆண்டு காணப்படுகிறது.

வல்வை மக்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. இங்கே கட்டிய 'அன்னபூரணி' 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறையை அடைந்தது. பல துறை கண்ட மாலுமிக்கு, ஒரு துறையில் மட்டும் செல்லும் காசு காசாகுமா?

செப்பு வில்லைகள் மறைந்தன. ஆனால் அவற்றின் நிழல் மறையவில்லை. விதையையும் உரத்தையும் கடனாகத் தந்தவரே விளைச்சலுக்கும் விலை வைத்துக் கணக்கிலே கழித்துக்கொண்டால், அக்கணக்குப் புத்தகமும் ஒரு செப்பு வில்லையே! ஆகவே, விவசாயப் பெருமக்களே, கடன் கணக்கு வேறாகவும் விலைக் கணக்கு வேறாகவும் எழுதக் கேளுங்கள். படித்தவர்களே, அக்கணக்கை அவர்களோடு அமர்ந்து வாசியுங்கள். உழைத்தவன் தன் கூலியை விரும்பிய கடையிலே செலவிட முடியுமானால்தான் அது கூலி.