கட்டி போயிடுச்சு, பாத்ரூம் கவலை போகலை

சாப்பிட்டுக்கிட்டே இந்த எபிசோடைக் கேட்கிறவங்க, சாப்பிட்டு முடிச்சிட்டு வாங்க. ஏன்னா இன்னைக்கு மலத்தைப் பத்தித்தான் பேசப் போறேன். எங்க வீட்டுல இதைப் பேசாம விட்டதால, எங்கப்பா ஒரு கல்யாண மண்டபத்துல மயங்கி விழுந்தார்.

எங்களுக்கு சோமனூர். அப்பா கூலிக்கு காடா துணி நெய்யுறவர். சின்ன தறி குடோன், எட்டு தறி. அவருக்கு மலக்குடல்ல புற்றுநோய். ரேடியேஷன், கீமோ, அப்புறம் ஆபரேஷன். தையல் போட்ட இடம் ஆறட்டும்னு கொஞ்ச மாசம் வயித்துல பை வெச்சிருந்தாங்க. பிறகு பையை எடுத்து குடலை உள்ளே சேர்த்தாங்க. ஸ்கேன் சுத்தமா வந்துச்சு. நாங்க சொந்தக்காரங்களுக்கெல்லாம் ஸ்வீட் கொடுத்தோம்.

அவருக்கு உண்மையான கஷ்டம் ஆரம்பிச்சது அதுக்கு அப்புறம்தான். ஒரு நாளைக்குப் பதினாலு தடவை பாத்ரூம். வெளியே வந்து பத்து நிமிஷத்துல மறுபடியும். வர்றது காத்தா, மலமான்னு அவருக்கே தெரியாது. குடோன்ல கழிப்பறை இல்லை. அதனால தறி பக்கம் போறதையே நிறுத்திட்டார். நான் சென்னையில இருந்து ஃபோன் பண்ணி "எப்படி இருக்கீங்கப்பா?"ன்னு கேட்டா, "நல்லா இருக்கறேன் கண்ணு"ன்னு மட்டும் சொல்வார்.

பல்லடத்துல பெரியப்பா பையன் கல்யாணம். பஸ்ல போகணும். அப்பா முந்தின நாள் மதியத்துல இருந்து சோறும் தொடலை, தண்ணியும் குடிக்கலை. தாலி கட்டுற நேரத்துல மயங்கிட்டார். அன்னிக்கு ராத்திரிதான் வாயைத் திறந்தார். "வயித்துல ஒண்ணும் இல்லாட்டி ஒண்ணும் வராது பாரு கண்ணு. பை இருந்தப்பவே தேவலை. அப்ப ஊருக்குள்ள நாலு எடம் போயிட்டு வந்தேன்."

கேன்சர்ல இருந்து பிழைச்ச மனுஷன் பட்டினி கிடந்து வெளியே போறார். அது எனக்குத் தெரியாம இருந்திருக்கு.

ஏன் இப்படி ஆகுது? மலக்குடலை வீட்டு மேல்தொட்டி மாதிரி நினைச்சுக்கங்க. வர்றதைச் சேர்த்து வெச்சு, நேரம் பார்த்துத் திறந்து விடுற இடம். ஆபரேஷன்ல அந்தத் தொட்டியையோ அதுல பெரும்பகுதியையோ எடுத்துடுறாங்க. இப்போ மோட்டார்ல இருந்து குழாய்க்கு நேரடி கனெக்‌ஷன். மோட்டார் ஓடுறப்பல்லாம் தண்ணி வரும். ரேடியேஷன் வாங்கினவங்களுக்கு இந்தத் தொந்தரவு இன்னும் கூடும்.

இதுக்கு மருத்துவத்துல பேர் இருக்கு: லோ ஆன்டீரியர் ரிசெக்‌ஷன் சிண்ட்ரோம், சுருக்கமா லார்ஸ். 2012-ல டென்மார்க் மருத்துவர்கள் அஞ்சே கேள்வியில இதை அளக்க ஒரு முறை கொண்டு வந்தாங்க. காத்தை அடக்க முடியுதா, தண்ணியா போறது கசியுதா, நாளைக்கு எத்தனை தடவை, ஒரு மணி நேரத்துக்குள்ள திரும்பவும் போக வேண்டியிருக்கா, வந்தா ஓட வேண்டியிருக்கா. மொத்தம் 42 மார்க். 30-ஓ அதுக்கு மேலயோ வந்தா கடுமையான நிலை. அப்பாவுக்கு 39.

அந்த எண்ணைப் பார்த்ததும் அப்பா கேட்டார்: "அப்ப இது எனக்கு மட்டும் இல்லீங்களா டாக்டர்?" அவர் முகத்துல அன்னிக்குத் தெரிஞ்ச நிம்மதியை, ஸ்கேன் ரிப்போர்ட் வந்த அன்னிக்குக்கூட நான் பார்க்கலை.

நாங்க என்ன பண்ணோம்னு சொல்றேன். இது அப்பாவுக்கு டாக்டர் சொன்னது. உங்க வீட்டுல இருக்கறவங்களுக்கு அவங்க டாக்டரைக் கேட்டுத்தான் செய்யணும்.

முதல்ல ஒரு நோட்டு. ரெண்டு வாரம், என்ன சாப்பிட்டார், எப்போ போனார், எல்லாம் எழுதினோம். கொள்ளுப் பருப்பும் முட்டைக்கோஸும் காத்தைக் கிளப்புச்சு. காலையில வெறும் வயித்துல காபி குடிச்சா உடனே ஓட்டம். அரிசிம்பருப்பு சாதம், இட்லி, தயிர் சாதம், நல்லா பழுத்த வாழைப்பழம் ஒத்துக்கிச்சு. இது ஆளுக்கு ஆள் மாறும். அதனாலதான் நோட்டு.

ரெண்டாவது, பட்டினி கூடாது. வெறும் வயித்துல காத்து சேரும், உடம்பு தளரும். மூணு வேளைச் சாப்பாட்டை ஆறாப் பிரிச்சோம். ராத்திரிச் சாப்பாட்டை ஏழு மணிக்கே முடிச்சோம்.

மூணாவது, நார்ச்சத்து. சொந்தக்காரங்க எல்லாம் "கீரை, கம்பு நிறைய கொடுங்க"ன்னாங்க. அது இன்னும் ஓட விட்டுச்சு. டாக்டர் இசப்கோலை கொஞ்சமா ஆரம்பிக்கச் சொன்னார். அது தண்ணியை உறிஞ்சி மலத்தைக் கெட்டியாக்கும். கூடவே லோப்பரமைடு மாத்திரை, சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடி. அளவை டாக்டர்தான் சொல்லணும். காய்ச்சல் இருந்தா, ரத்தம் போனா, வயிறு உப்பியிருந்தா இதை நீங்களா போடாதீங்க.

நாலாவது, இடுப்புத்தளப் பயிற்சி. காத்தை அடக்குற மாதிரி ஆசனவாயை இறுக்கி, சில நொடி பிடிச்சு, விடணும். பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்தாங்க. பலன் தெரிய ரெண்டு மூணு மாசம் ஆச்சு. அதோட, துடைக்காம தண்ணியில கழுவி, ஒத்தி எடுத்து, ஜிங்க் ஆக்சைடு கிரீம் போட்டார். எரிச்சல் குறைஞ்சது.

இதெல்லாம் சரிப்படலைன்னா, ஆசனவாய் வழியா தண்ணி விட்டுக் குடலைக் கழுவுற முறை இருக்கு. நரம்பைத் தூண்டுற சிகிச்சையும் இருக்கு. "ஆபரேஷன்னா இப்படித்தான், பொறுத்துக்கோங்க"ன்னு யாராவது சொன்னா, அதோட விட்டுடாதீங்க.

பெருங்குடல்ல வலது பக்கம் எடுத்தவங்களுக்குக் கதை வேற. பித்த அமிலத்தால பேதி வரலாம், அதுக்குத் தனி மருந்து. சிறுகுடலோட கடைசிப் பகுதியும் போயிருந்தா பி12 பார்க்கணும். சிறுகுடல்ல பை வெச்சிருக்கிறவங்களுக்கு வெறும் தண்ணி பத்தாது, ஓஆர்எஸ் வேணும். வயிறு உப்பி, வாந்தி வந்து, காத்தும் மலமும் நின்னு போச்சுன்னா வீட்டு வைத்தியம் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியோட தங்கை மலக்குடல் புற்றுநோயில இறந்தாங்க. அந்த வலிதான் 1954-ல அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டா ஆச்சு. அன்னிக்குக் கேள்வி, பிழைப்பாங்களாங்கறது. இன்னிக்கு நிறைய பேர் பிழைக்கிறாங்க. அதனால, பிழைச்சவங்க எப்படி வாழ்றாங்கன்னும் நாம கேட்கணும்.

அப்பா முழுசா பழையபடி ஆகலை. பெரும்பாலும் முதல் ரெண்டு வருஷத்துலதான் முன்னேற்றம் வரும்னு டாக்டர் சொல்லிட்டார். இப்போ நாளைக்கு அஞ்சு தடவை. காலையில ஒன்பதரை வரைக்கும் வீட்டை விட்டு நகர மாட்டார். பத்து மணிக்குக் குடோன் போறார். தறிக்குப் பக்கத்துலயே ஒரு கழிப்பறை கட்டிட்டோம். பையில எப்பவும் ஒரு மாத்து வேட்டி.

நான் இப்போ ஃபோன்ல "நல்லா இருக்கீங்களா?"ன்னு கேட்கிறதில்லை. "இன்னிக்கு எத்தனை தடவைங்கப்பா?"ன்னு கேட்கிறேன். அவரும் கூச்சப்படாம சொல்றார். உங்க வீட்டுல ஆபரேஷன் முடிஞ்சு "நல்லா இருக்கேன்"னு சொல்ற ஒருத்தர் இருந்தா, இன்னிக்கு இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.