ஊரறியச் சொல்லும் சொல்

வானொலியில் பேசுகிறவரை அறிவிப்பாளர் என்கிறோம். அந்தப் பெயருக்குள் இருக்கும் 'அறிவி' என்ற வினைச்சொல்லைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

'அறி' என்றால் தான் அறிவது. 'அறிவி' என்றால் பிறரை அறியச் செய்வது. செய், செய்வி என்பது போல இதுவும் பிறவினை. 'சொன்னேன்' என்றால் என் வேலை வாயோடு முடிந்தது. 'அறிவித்தேன்' என்றால் கேட்டவருக்கு அது போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

'தெரிவி' என்பதும் இதுதானே என்று கேட்கலாம். இரங்கல் தெரிவிக்கிறோம், கருத்துத் தெரிவிக்கிறோம். இரங்கலை யாரும் அறிவிப்பதில்லை. மழை நாளில் ஆட்சியர் பள்ளிகளுக்கு விடுமுறை அறிவிக்கிறார். அறிவித்த நொடியிலேயே அது விடுமுறை ஆகிவிடுகிறது. ஓர் ஊருக்குப் பேருந்து விட எண்ணம் உண்டு என்று அமைச்சர் சொன்னால், தெரிவித்தார். விடும் நாளைச் சொன்னால்தான் அறிவித்தார். செய்திகளில் இந்த இரண்டும் கலந்து வரும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. வராத பேருந்துக்குச் சனங்கள் காத்து நிற்பார்களே!

அறிவிப்பதற்குப் பழைய சொல் ஒன்று உண்டு: அறைதல். மணிமேகலையின் முதல் காதைக்கே 'விழாவறை காதை' என்று பெயர். வச்சிரக் கோட்டத்து முரசை யானையின் பிடரியில் ஏற்றி, புகாரில் இந்திர விழாவை அறைகிறார்கள். முரசை அடிப்பதும் அறைதல், செய்தியைச் சொல்வதும் அறைதல். பறையும் அப்படித்தான். கருவிக்கும் அது பெயர், பேசுவதும் பறைதல். மலையாளத்தில் இன்றும் சொல்வதற்கு அதுவே சொல்.

அந்த மரபில் வந்தது, பறையடித்து ஊருக்குச் செய்தி சொல்லும் தண்டோரா. அதை நிறுத்தும்படி 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு ஆட்சியர்களுக்கு எழுதியது. வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லலாம் என்றது. ஊருக்கெல்லாம் செய்தி சுமந்தவரை ஊர் தாழ்வாகவே வைத்திருந்தது. ஆகவே அது சரியான முடிவு.

இலங்கைத் தமிழர் 'மரண அறிவித்தல்' என்பார்கள். நாளிதழில் வரும், வானொலியிலும் வாசிப்பார்கள். எங்கோ இருக்கும் உறவினர் கேட்டு, முகம் பார்க்கப் புறப்பட வேண்டுமே. ஊர், பெயர், நேரம் மூன்றும் தெளிவாகக் காதில் விழுந்தால்தான் அது நடக்கும்.

பேருந்து நிலையத்திலும் மருத்துவமனையிலும் ஒலிவாங்கி பிடிப்பவர்களே, அந்த மூன்றையும் நிறுத்தி நிதானமாக, இரண்டு முறை சொல்லுங்கள். காது மந்தமான ஒரு பாட்டியும் அங்கே உட்கார்ந்திருப்பார்.